மைல்ஸ் இறந்தது யார் கையில்?

வெள்ளவத்தையில் நண்பர்கள் சிலர் மாதத்துக்கு ஒருமுறை கூடி ஒரு நாவலை வாசித்துக் கதைக்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள், தங்கச்சி. இம்முறை எடுத்தது ஹென்றி ஜேம்ஸின் 'த டேர்ன் ஒஃப் த ஸ்குரூ'. முடிவுக்கு வந்ததும் குழு இரண்டாகிவிட்டது. மூத்தவர்கள் பேய் இருந்தது என்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள் அந்த ஆசிரியைக்கு மனம் பேதலித்துவிட்டது என்கிறார்கள். எது சரி, பையன் ஏன் திடீரென்று செத்தான், எழுதியவர் என்ன நினைத்து எழுதினார், படத்தைப் பார்த்தால் தெளிவு கிடைக்குமா என்பவைதான் உங்கள் கேள்விகள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய் இருந்ததா என்ற கேள்விக்கு அந்தக் கதைக்குள் பதில் கிடையாது. இரண்டு பக்கத்துக்கும் போதிய சாட்சியம் கொடுத்து, இரண்டு பக்கமும் வழக்கை வெல்ல முடியாதபடி ஜேம்ஸ் அதைக் கட்டியிருக்கிறார். ஆனால் பையனின் சாவுக்கு யார் பொறுப்பு என்பது அந்த அளவுக்கு மங்கலான விஷயம் இல்லை. பேய் உண்மை என்று வைத்தாலும் சரி, பொய் என்று வைத்தாலும் சரி, அந்தக் கடைசி அறையில் நடந்தது ஒன்றுதான். உங்கள் குழு முதல் கேள்வியிலேயே நின்று சண்டை பிடித்ததால் இரண்டாவதைத் தொடவே இல்லை என்று படுகிறது.

கதையை வாசிக்காதவர்களுக்காக ஒரு சுருக்கம். கிறிஸ்மஸ் காலத்தில் ஒரு பழைய வீட்டில் நெருப்பைச் சுற்றி இருந்து ஆட்கள் பேய்க்கதை சொல்கிறார்கள். டக்ளஸ் என்பவர், ஒரு காலத்தில் தன் சகோதரிக்கு வீட்டு ஆசிரியையாக இருந்த பெண் எழுதிவைத்த கையெழுத்துப் பிரதியை வரவழைத்து வாசிக்கிறார். அவள் இறந்து இருபது வருடம். ஏழைப் பாதிரியார் ஒருவரின் கடைக்குட்டி மகள், இருபது வயதில் முதல்முறையாக வேலைக்கு வந்தவள். வேலை கொடுத்தவர் லண்டன் ஹார்லி ஸ்ட்ரீட்டில் இருக்கும் அழகான, பணக்காரப் பிரம்மச்சாரி. இந்தியாவில் தாய் தகப்பனை இழந்த இரண்டு பிள்ளைகளுக்கு அவர் பெரியப்பா. எசெக்ஸில் உள்ள பிளை மாளிகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், எது நடந்தாலும் தனக்குக் கரைச்சல் தரக்கூடாது என்பது அவருடைய நிபந்தனை. அவள் அவரைக் கண்டது இரண்டே தடவை. ஆனால் மனம் அங்கே போய்விட்டது.

பிளையில் எட்டு வயது ஃபுளோரா, பத்து வயது மைல்ஸ், வீட்டுப் பொறுப்பைப் பார்க்கும் மிஸஸ் குரோஸ். மைல்ஸை இனிச் சேர்க்க முடியாது என்று பள்ளிக்கூடம் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பிவிடுகிறது. பிறகு ஆசிரியை இரண்டு உருவங்களைக் காண்கிறாள். ஒன்று எசமானின் முன்னாள் வேலையாள் பீட்டர் குயின்ட், மற்றது தனக்கு முன்பு அங்கே ஆசிரியையாக இருந்த மிஸ் ஜெசெல். இருவருமே இறந்தவர்கள். இவர்கள் பிள்ளைகளைத் தேடித்தான் வருகிறார்கள், பிள்ளைகளுக்கும் அது தெரியும், தெரிந்துகொண்டே மறைக்கிறார்கள் என்று அவள் முடிவு கட்டுகிறாள். ஏரிக்கரையில் ஃபுளோராவிடம் நேரடியாகக் கேட்கிறாள். பிள்ளை அவளை வெறுத்து ஒதுக்குகிறது, காய்ச்சலில் விழுகிறது, மிஸஸ் குரோஸ் அதை லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். மிஞ்சுவது மைல்ஸும் அவளும். சாப்பாட்டு அறை. ஜன்னலில் குயின்டின் முகம். பையனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெயரைச் சொல் என்கிறாள். அவன் சொல்கிறான். அவளுடைய கைக்குள்ளேயே அவன் இதயம் நிற்கிறது. கதை அந்த வசனத்தோடு முடிகிறது.

சரி, மூத்தவர்களின் பக்கத்தை முதலில் எடுப்போம். அவர்களிடம் பலமான சாட்சி ஒன்று இருக்கிறது. ஜன்னலில் கண்ட ஆளை ஆசிரியை வர்ணிக்கிறாள்: தொப்பி இல்லை, சிவந்த சுருட்டை முடி, வெளிறிய நீள முகம், கூர்மையான கண்கள், நடிகன் மாதிரித் தோற்றம், போட்டிருப்பது வேறு யாருடையதோ உடுப்பு. கேட்டதும் மிஸஸ் குரோஸ் குயின்ட் என்கிறார், அவன் செத்துவிட்டான் என்றும் சொல்கிறார். குயின்ட் என்று ஒருவன் இருந்ததே ஆசிரியைக்கு அதுவரை தெரியாது. மனப்பிரமையில் கண்ட முகம் இறந்த ஒருவனின் முகத்தோடு எப்படி இவ்வளவு பொருந்தும்? இன்னொன்று, ஏரிக்கரையில் எதையும் காணாத மிஸஸ் குரோஸ், பிறகு காய்ச்சலில் கிடந்த ஃபுளோராவின் வாயில் இருந்து வந்த அசிங்கமான வார்த்தைகளைக் கேட்ட பின் ஆசிரியையை நம்பத் தொடங்குகிறார். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன? இளைய கட்சி இதைச் சும்மா தாண்டிப் போக முடியாது.

இளையவர்களின் பக்கம். ஆசிரியையைத் தவிர வேறு யாரும் எதையும் கண்டதாகக் கதையில் ஓரிடமும் இல்லை. குயின்ட் முதல்முறை கோபுரத்தில் தெரியும்போது அவள் என்ன நினைத்துக்கொண்டு நடந்தாள் என்று பாருங்கள். இந்த மாலை நேரத்தில் பாதையின் திருப்பத்தில் ஒருவர் வந்து நின்று, தன்னைப் பார்த்துப் புன்னகைத்துத் தன் வேலையை மெச்சினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று கனவு கண்டபடி வருகிறாள். யாரை நினைத்தாள் என்பது வாசிக்கும் எவருக்கும் தெரியும். நிமிர்ந்தால் ஓர் ஆண் நிற்கிறான். பிறகு பையனின் அறையில் ஓர் இரவு பனிக்காற்று அடித்து அறையே அதிர்கிறது, மெழுகுதிரி அணைகிறது. ஜன்னலோ இறுகப் பூட்டியிருக்கிறது. 'நான்தான் ஊதினேன்' என்கிறான் மைல்ஸ். அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு இரண்டு கட்சியும் இரவு முழுக்க வாதாடலாம்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படும் இடம் வேறு. அதை முக்கால்வாசிப் பேர் கவனிக்காமல் போகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசிரியை படிப்பறைக்குள் போகும்போது தன் மேசையில் மிஸ் ஜெசெல் இருப்பதைக் காண்கிறாள். அந்தக் காட்சியை அவளே நமக்கு விவரிக்கிறாள். பேசுவது அவள் மட்டும்தான். உருவம் ஒரு சொல் பேசவில்லை, அவள் கத்தியதும் மறைந்துவிடுகிறது. அதே நாள் மிஸஸ் குரோஸிடம் போய், மிஸ் ஜெசெலோடு கதைத்தேன், நரகவேதனை படுவதாகச் சொன்னாள், ஃபுளோராவைத் தன்னோடு கொண்டுபோக வந்திருக்கிறாள் என்கிறாள். அவள் வாய்விட்டுப் பேசினாளா என்று மிஸஸ் குரோஸ் திடுக்கிட்டுக் கேட்க, கிட்டத்தட்ட அப்படித்தான் என்ற மாதிரி மழுப்புகிறாள். இரண்டும் ஒரே கையால் எழுதப்பட்டவை, இடையில் சில பக்கங்கள்தான். அவள் பொய்க்காரி என்று நான் சொல்லவரவில்லை. கண்டதற்கும் கண்டதாகச் சொல்வதற்கும் நடுவில் அவளுடைய மனம் இவ்வளவு தூரம் நடக்கும் என்று ஜேம்ஸ் நமக்குக் காட்டிவிட்டார். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு பக்கத்தையும் அந்த நினைவோடுதான் வாசிக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தையும்தான்.

உங்கள் குழுவில் நடந்த சண்டைக்கு நூறு வயது. கதை 1898 ஜனவரியில் இருந்து ஏப்ரல் வரை அமெரிக்காவின் கொலியர்ஸ் வார இதழில் தொடராக வந்தது. அந்தக் காலத்து வாசகர்களில் பெரும்பாலானோர் அதை நேரடியான பேய்க்கதையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். 1924இல் எட்னா கென்டன் என்ற விமர்சகர், பேய்களின் அச்சம் பிள்ளைகளுடையது அல்ல, ஆசிரியையின் மனத்துக்குள் இருப்பது என்று எழுதினார். 1934இல் எட்மண்ட் வில்சன் அதை உளப்பகுப்பாய்வின் முன்னோடி ஃபுரொய்டின் வழியில் விரித்து, அடக்கிவைத்த ஆசையில் பிறந்த பிரமைகள்தான் இந்தப் பேய்கள் என்று வாதிட்டார். அன்றில் இருந்து கட்சி கட்டல் தொடங்கியது. ரொபர்ட் ஹைல்மன் 1940களின் கடைசியில் எதிர்ப்பக்கம் நின்று, ஏதேன் தோட்டமும் அதற்குள் நுழைந்த தீமையும் போலத்தான் பிளையை வாசிக்க வேண்டும் என்றார்.

வில்சன் ஒரு நிலையில் நிற்கவும் இல்லை. ஜேம்ஸின் குறிப்பேடுகள் 1947இல் அச்சில் வந்ததும், ஜேம்ஸ் உண்மையான பேய்க்கதையைத்தான் எழுத நினைத்திருக்கிறார் என்று ஓரளவு இறங்கி வந்தார். குயின்டின் அடையாளம் பொருந்திய விஷயமும் அவரைக் குடைந்தது. பிறகு 1957இல் ஜோன் சில்வர் ஒரு சிறு குறிப்பு எழுதினார்: ஆசிரியை ஊருக்குள் விசாரித்திருக்கிறாள், அங்கேயே குயின்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம் என்று. கதையிலும் அதற்கு இடம் இருக்கிறது. வந்தவன் ஊராள் இல்லை என்று தான் உறுதிசெய்துகொண்டதை அவளே மிஸஸ் குரோஸிடம் சொல்கிறாள். 1959இல் வில்சன் மறுபடியும் தன் பழைய பக்கத்துக்கே திரும்பினார். இவ்வளவு கூர்மையான வாசகர் ஒருவரே கால் நூற்றாண்டில் போய்த் திரும்பி வந்திருக்கிறார் என்றால், ஒரு மாலைச் சந்திப்பில் நீங்கள் பிரிந்ததில் வியப்பில்லை.

எழுதியவர் என்ன நினைத்தார் என்று கேட்டீர்கள். நமக்குக் கிடைத்திருப்பது இரண்டு. 1895 ஜனவரி 12ஆம் திகதிக் குறிப்பில், கன்டபரி பேராயர் பென்சன் தன்னிடம் சொன்ன ஒரு செய்தியை ஜேம்ஸ் பதிந்துவைத்திருக்கிறார். கெட்ட வேலையாட்கள் பிள்ளைகளைக் கெடுத்து, செத்த பிறகும் ஆவிகளாக வந்து அவர்களை அழைக்கிறார்கள் என்பது அதன் சாரம். அங்கே ஆவிகள் ஆவிகள்தான். ஆனால் வெளியே நின்று பார்க்கும் ஒருவர் இதைச் சொல்ல வேண்டும் என்ற யோசனையும் அதே குறிப்பில் இருக்கிறது. அந்த 'வெளியே நிற்கும் ஒருவர்' மூன்று வருடம் கழித்து இருபது வயதுப் பெண்ணாக, ஆசையும் பயமும் உள்ளவளாக வந்து சேர்ந்தபோது கதையும் வேறாகிவிட்டது. இரண்டாவது, 1908இல் தன் தொகுப்புக்கு எழுதிய முன்னுரை. அவள் கண்டவற்றைத் தெளிவாகப் பதிவுசெய்ய வைத்ததாகவும், அவற்றுக்கு அவள் தரும் விளக்கம் வேறு விஷயம் என்றும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். தீமை என்னவென்று தான் குறிப்பிடாமல், வாசகரையே நினைத்துக்கொள்ள வைப்பதே தன் முறை என்றும் அதில் இருக்கிறது. இதற்கு மேல் அவரிடம் இருந்து எதையும் கறக்க முடியாது. எச்.ஜி.வெல்ஸுக்கு எழுதிய கடிதத்தில் பிழைப்புக்காக எழுதிய விளையாட்டு என்ற பாணியில் தட்டிவிட்டார், அதை நான் நம்புவதில்லை.

இனி என் வாசிப்பு. எங்கள் ஆட்களுக்கு இந்தக் கடைசிக் காட்சியில் பழக்கமான ஒன்று தெரிய வேண்டும். பேய் பிடித்தவரை இருத்தி, உடுக்கடித்து, 'நீ ஆர்? எங்கே வைத்துப் பிடித்தாய்? என்ன வேணும்?' என்று கேட்பார்கள். பேய் தன் வாயால் பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் வந்தால்தான் பேரம் பேசலாம், போகிறேன் என்று சத்தியம் வாங்கலாம். பிளை சாப்பாட்டு அறையில் நடப்பது அதேதான். அவளுக்கு வேண்டியது பெயர். பையன் வாயால் குயின்ட் என்று வந்துவிட்டால் அவன் காப்பாற்றப்பட்டுவிட்டான் என்பது அவள் கணக்கு. கடைசி வசனத்தில் அந்தச் சின்ன இதயம் பிடி நீங்கியதாகவும் நின்றுபோனதாகவும் ஒரே மூச்சில் சொல்லப்படுகிறது. பேயோட்டி முடித்தவளின் வசனம் அது.

ஆனால் எங்கள் பேயோட்டல் ஊருக்கு நடுவில் நடக்கும். தாய் தகப்பன் நிற்பார்கள், பெரியம்மா நிற்பாள், அக்கம்பக்கம் கூடும். கை மீறினால் போதும் விடு என்று சொல்ல ஒருவராவது இருப்பார். இங்கே அவள் எல்லோரையும் அனுப்பிவிட்டாள். ஃபுளோராவை மிஸஸ் குரோஸோடு அனுப்பியது அவளே போட்ட திட்டம், மைல்ஸோடு தனியே இருக்க வேண்டும் என்பதற்காக. பெரியப்பாவோ முதல் நாளே கையைக் கழுவிவிட்டார். ஆக, ஒரு மூடிய அறை, ஒரு பத்து வயதுப் பிள்ளை, அவனை இறுக்கிப் பிடித்திருக்கும் ஒரு பெரிய ஆள். என்ன நடந்தது என்று பிறகு சொல்ல உயிரோடு இருப்பது அவள் மட்டும்தான்.

இந்த இடத்தில் எனக்குப் பழையனூர் நீலி நினைவுக்கு வராமல் இருக்காது. நீலிக்கண்ணீர் என்று இன்றும் வாயில் வருகிறதே, அந்த நீலி. கள்ளிக் கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இந்த வணிகன் என் புருஷன், என்னைக் கைவிடப் பார்க்கிறான் என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். அவன் இவள் பேய் என்று கதறுகிறான். எழுபது வேளாளர்கள் அவள் கண்ணீரை நம்பி, இவனுக்கு ஏதும் நடந்தால் எங்கள் உயிர் பிணை என்று வாக்குக் கொடுக்கிறார்கள். விடிந்தபோது வணிகன் செத்துக் கிடக்கிறான், எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். அந்தக் கதையைக் கேட்கும் நமக்கு நீலி யார் என்று முதலே தெரியும், தெரியாதது சபைக்குத்தான். ஜேம்ஸ் நம்மிடம் இருந்து அந்த அறிவைப் பறித்துவிட்டு, நம்மையே அந்தச் சபையில் இருத்திவிடுகிறார். ஒரு பெண் அழுதழுது சொல்கிறாள், ஒரு பிள்ளை அவள் பொறுப்பில் இருக்கிறது, நீங்கள் பிணை நிற்பீர்களா? உங்கள் குழுவின் மூத்தவர்கள் பேயை நம்பும்போது உண்மையில் அவளுக்குப் பிணை நிற்கிறார்கள். அதை அவர்கள் உணர்ந்து செய்கிறார்களா என்று அடுத்தமுறை கேட்டுப் பாருங்கள்.

பேய் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். குயின்ட் ஜன்னலில் நிற்கிறான், பையனை வேண்டி நிற்கிறான். அப்போதும் பையனுக்கு அவன் தெரியவில்லை. மைல்ஸ் திகைத்து, கோபத்தில் வெளிறி, அறை முழுக்கக் கண்ணால் தேடியும் ஒன்றையும் காணாததாக அவளே எழுதுகிறாள். அவன் முதலில் கேட்பது மிஸ் ஜெசெலைப் பற்றி. அது இல்லை என்று சொல்லி, வேறொன்று இருக்கிறது என்று சொல்லி, அவனை அந்தப் பெயருக்கு நகர்த்துவது அவள். பெயர் வந்ததும் கூடவே 'பிசாசே' என்றும் வருகிறது. அது குயின்டைத் திட்டியதா, அவளைத் திட்டியதா என்று ஜேம்ஸ் சொல்லவில்லை, நூறு வருடமாக அதில் மட்டும் கட்டுரை மேல் கட்டுரை. ஆனால் அடுத்த வசனம் யாருடையது? அவளுடையது. நீ என்னுடையவன், அவன் உன்னை இழந்துவிட்டான் என்ற வெற்றிப் பேச்சு. அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் பையன் பாதாளத்தில் விழுபவன் போல அலறுகிறான்.

பேய் இல்லை என்று வைத்தால் பயமுறுத்திக் கொன்றாள், அல்லது இறுக்கிக் கொன்றாள். பேய் உண்டு என்று வைத்தால், பிள்ளை தாங்குமா என்று பாராமல் பேயோட்டிக் கொன்றாள். என் கணக்கில் இரண்டும் ஒரே கையில்தான் போய் நிற்கின்றன. இது அவளுக்கே ஒரு கணம் தெரிந்திருக்கிறது என்பதுதான் என்னை இன்னும் உலுக்குகிறது. பள்ளிக்கூட விஷயத்தை மைல்ஸ் தட்டுத்தடுமாறிச் சொல்லும்போது, ஒருவேளை இவன் ஒன்றும் அறியாதவன் என்றால், அப்படியானால் நான் யார் என்று அவளுக்குள் ஒரு கேள்வி எழும்புகிறது. பிடியைக் கொஞ்சம் விடுகிறாள். பிறகு ஜன்னலில் மறுபடி அந்த முகம். கேள்வி போய்விடுகிறது. பிடி திரும்ப இறுகுகிறது.

அவளை அரக்கியாக்கிவிடவும் வேண்டாம். இளையவர்களிடம் அந்த அவசரம் இருக்கிறது. பைத்தியம் என்ற ஒரு சொல்லைப் போட்டால் கணக்கு முடிந்துவிடுகிறது. இருபது வயதில், யாரிடமும் கேட்கக் கூடாது என்ற கட்டளையோடு, ஒரு பெரிய வீட்டையும் இரண்டு அநாதைப் பிள்ளைகளையும் அவள் தலையில் கட்டிவிட்டு லண்டனில் இருக்கும் பெரியப்பாவை ஏன் ஒருவரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை? குழுவில் இந்தக் கேள்வியைப் போட்டால் நன்றாகச் சூடுபிடிக்கும்.

கொழும்பில் இருந்து வாசிப்பவர்களுக்கு இன்னொரு கதவும் இருக்கிறது. கறுவாத்தோட்டத்துப் பழைய பெரிய வீடுகளை யோசித்துப் பாருங்கள். முன்பக்கம் வரவேற்பறை, பின்பக்கம் வேலையாட்களின் சின்ன அறைகள், நடுவில் ஆயாவின் கையில் வளரும் பிள்ளை. குயின்டைப் பற்றி ஆசிரியையும் மிஸஸ் குரோஸும் கதைக்கும்போது அவர்களை எது முதலில் உறுத்துகிறது என்று கவனியுங்கள். எசமானின் உடுப்பை வேலையாள் போட்டான், சீமாட்டி என்று சொல்லத்தக்க மிஸ் ஜெசெலோடு பழகினான், சின்ன எசமானோடு மணிக்கணக்கில் திரிந்தான். அவன் பிள்ளைக்கு என்ன செய்தான் என்பது கடைசிவரை சொல்லப்படுவதே இல்லை. பயங்கரமானது ஏதோ நடந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் வெற்றிடத்தை நிரப்பும்போது நம் வகுப்புப் பயங்களும் உள்ளே போகின்றன.

மிஸஸ் குரோஸின் சாட்சியத்தையும் இதோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். அவருக்கு வாசிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்துக் கடிதத்தை ஆசிரியை நீட்டும்போது, இதெல்லாம் எனக்கு ஆகாது மிஸ் என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று ஆசிரியை சொன்னால் அதுதான் அவருக்குக் கடிதம். தனக்கு மேலே இருப்பவர் சொல்வதை வேலை செய்பவர் மறுத்துப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று இந்த நகரத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அவர் நம்பினார் என்பது உண்மையாக இருக்கலாம். நம்பாமல் இருக்க அவருக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

விமர்சகர்களில் இரண்டு பேரையாவது தேடி வாசியுங்கள். 1970இல் தொடோரொவ், அமானுஷ்யமா இயற்கையா என்று வாசகர் தயங்கும் அந்தத் தயக்கம்தான் இந்த வகை இலக்கியத்தின் உயிர் என்றும், முடிவுக்குப் பிறகும் அது தீராமல் நிற்கும் அரிய கதைகளில் இது ஒன்று என்றும் சொன்னார். 1977இல் ஷொஷானா ஃபெல்மன் எழுதிய நீண்ட கட்டுரை இன்னும் கூர்மையானது. ஒற்றை அர்த்தத்தைக் கதையிடம் இருந்து பிடுங்கிவிட நினைக்கும் விமர்சகர், பையனிடம் இருந்து பெயரைப் பிடுங்கும் ஆசிரியையாகவே மாறிவிடுகிறார் என்கிறார். வில்சனுக்கு நேரடியாக விழுந்த அடி அது. உங்கள் இரண்டு கட்சிக்கும்தான்.

இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். கதை டக்ளஸின் கணப்பு நெருப்போடு தொடங்கியது, ஆனால் அங்கே திரும்பி வரவே இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் என்ன சொன்னார்கள், டக்ளஸின் முகம் எப்படி இருந்தது என்று ஒரு வரி கிடையாது. ஆனால் தொடக்கத்திலேயே அவர் ஒன்று சொல்லியிருந்தார்: அந்தத் தொழிலில் தான் கண்டவர்களில் மிக இனிமையானவள் அவள், எவ்வளவு உயர்ந்த நிலைக்கும் தகுதியானவள் என்று. அதாவது, பிளைக்குப் பிறகும் அவள் வேலை பார்த்திருக்கிறாள். இன்னொரு வீடு, டக்ளஸின் சகோதரி என்ற இன்னொரு பிள்ளை. பிளையில் ஒரு பையன் செத்தான் என்பதற்காக யாரும் அவளை ஒன்றும் கேட்டதாகத் தெரியவில்லை. முடிவின் தொடர்ச்சி டக்ளஸ் வரும் அந்தத் தொடக்கப் பகுதியில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தை முடித்ததும் முதல் அத்தியாயத்துக்கு முன்னால் இருக்கும் அந்தப் பகுதியைத் திரும்ப வாசித்தால் அது முன்பு வாசித்த பகுதியாகவே இருக்காது.

அடுத்த சந்திப்புக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். கடைசி அத்தியாயத்தில் இருவரும் வாய்விட்டுச் சொன்ன வார்த்தைகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். அவள் தரும் விளக்கம், அவன் முகத்தில் அவள் கண்ட குறி, அவன் எதை மறைக்கிறான் என்ற அவளுடைய ஊகம் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். ஒருவர் பையனின் வார்த்தைகளையும் மற்றவர் அவளுடைய வார்த்தைகளையும் சத்தமாக வாசிக்க வேண்டும். பெரியப்பாவுக்கு அவள் எழுதிய கடிதத்தைப் பற்றி, எடுத்தேன், அதில் ஒன்றும் இருக்கவில்லை, எரித்துவிட்டேன் என்கிறான். பள்ளிக்கூடத்தில் ஏதோ சொன்னேன், எனக்குப் பிடித்தவர்களிடம் மட்டும் சொன்னேன் என்கிறான். அவ்வளவுதான் அவனுடைய வாக்குமூலம். எந்த இடத்தில் அவன் தானாகப் பேசுகிறான், எந்த இடத்தில் அவள் கேட்டதைத் திருப்பிக் கொடுக்கிறான் என்று அப்போது வடிவாகக் கேட்கும். பதிப்புரிமை முடிந்த கதை என்பதால் ஆங்கில மூலம் குட்டன்பேர்க் இணையத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

படத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 1961இல் ஜாக் கிளேட்டன் இயக்கிய 'த இன்னொசன்ட்ஸ்' மிக நல்ல படம், டெபோரா கெர் நடித்தது. ஆனால் தெளிவுக்காகப் பார்க்காதீர்கள். படம் எடுத்தவர்கள் இரண்டு கட்சிக்கும் சில பொருட்களைக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலில் முகத்தைக் காண்பதற்கு முன் ஆசிரியை மேல்மாடியில் குயின்டின் படத்தைக் கண்டுவிடுகிறாள், அதனால் வில்சனைக் குடைந்த சிக்கல் அங்கே இல்லை. இன்னோரிடத்தில் மிஸ் ஜெசெல் மறைந்த பிறகு ஒரு கண்ணீர்த்துளி ஈரமாக மிஞ்சுகிறது, அது மற்றக் கட்சிக்கு. 1954இல் வெனிஸில் அரங்கேறிய பெஞ்சமின் பிரிட்டனின் இசைநாடகத்தில் பேய்கள் பாடுகின்றன, ஆசிரியை இல்லாத இடத்தில் தங்களுக்குள்ளும் பாடிக்கொள்கின்றன. பாடும் பேயை இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. இரண்டையும் ரசியுங்கள், ஆனால் நாவலுக்குச் சாட்சியாகக் கொண்டுவராதீர்கள்.

அடுத்த மாதத்துக்கு நாவல் இன்னும் தெரிவாகவில்லை என்றால் ஷேர்லி ஜக்சன் 1959இல் எழுதிய 'த ஹோன்டிங் ஒஃப் ஹில் ஹவுஸ்' நல்ல தெரிவு. அங்கே முடிவில் எலனர் காரை மரத்தை நோக்கி விடுகிறாள், நானே செய்கிறேன் என்ற பெருமிதத்தோடு. மோதுவதற்கு முந்தைய கணத்தில், நான் ஏன் இதைச் செய்கிறேன், ஏன் யாரும் என்னைத் தடுக்கவில்லை என்று நினைக்கிறாள். கதையைச் சொல்வது அவள் இல்லை, எழுத்தாளர்தான். ஆகவே பொய்ச்சாட்சி என்ற வாதம் அங்கே செல்லாது. பிளையில் கைக்கொண்ட முறையை அப்படியே அங்கே கொண்டுபோகாமல், காரை ஓட்டியது யார் என்ற கேள்வியோடு நேராகத் தொடங்குங்கள்.